லிங்கில் +65, #05, தமிழ் எழுத்து: உடையாமல் அனுப்புவது எப்படி

சங்கத்துக்கோ கோயிலுக்கோ தெரிந்தவர் கடைக்கோ ஒரு பதிவுப் படிவம் செய்து, "இந்த லிங்கைத் தட்டினால் உங்கள் விவரம் தானாக நிரம்பியிருக்கும்" என்று எல்லாருக்கும் அனுப்பிவைக்கிற வேலை சிங்கப்பூரில் யார் தலையிலாவது விழுந்துகொண்டே இருக்கிறது. லிங்க் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். திறந்தால் கைத்தொலைபேசி எண்ணில் கூட்டல்குறியைக் காணோம், வீட்டு எண் கட்டம் காலி, அதற்குப் பிறகு வரவேண்டிய எதுவுமே வரவில்லை. படிவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, லிங்கைக் கட்டிய விதம்தான் கோளாறு.

இப்படி ஒரு லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

…/பதிவு?பெயர்=கலா&போன்=+65 0000 0000&வீடு=#05-123&நேரம்=மாலை

நம் கண்ணுக்கு இதில் நான்கு விவரம் இருக்கிறது. சர்வர் பக்கம் போய்ப் பாருங்கள். பெயர் சரியாக வந்திருக்கும். போன் என்ற இடத்தில் கூட்டல்குறி போய் அங்கே ஒரு வெற்றிடமும், பிறகு 65 என்று தொடங்கும் எண்ணும் இருக்கும், ஏனென்றால் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல்குறியை வெற்றிடம் என்றுதான் பெரும்பாலான சர்வர் மென்பொருள்கள் படிக்கும். வீடு காலி. நேரம் என்று ஒன்று அனுப்பப்பட்டதாகவே சர்வருக்குத் தெரியாது. # வந்த இடத்திலிருந்து கடைசிவரை உள்ளதைப் பிரௌசர் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; பக்கத்துக்குள் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டும் குறி அது, வெளியே போகாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, தனியார் அடுக்குமாடி என்று இங்கே பாதி முகவரிகளில் # இருப்பதால், வேறு ஊரில் எழுதிய வழிகாட்டிகள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த விஷயம் நமக்குத் தினசரித் தலைவலி.

போதாக்குறைக்கு, அந்த லிங்கை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் முதல் வெற்றிடத்தோடு லிங்க் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். +65 வரை நீலத்தில் தெரியும், மிச்சம் சாதாரண எழுத்தாகக் கிடக்கும்.

சரி, இதைச் சரிசெய்ய ஒரே வழிதான். ஒவ்வொரு மதிப்பையும், அதாவது = குறிக்குப் பின்னால் வருவதை, தனியாக எடுத்து, பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றி, அதற்கப்புறம்தான் லிங்கில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு முறை மாற்ற வேண்டும். முழு லிங்கையும் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக மாற்றினால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அந்த நேரத்தில் எந்த & பிரிப்பதற்காக வந்தது, எந்த & கடைப் பெயரில் இருந்தது என்று எந்தப் புரோகிராமாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பாதுகாப்பான வடிவம் என்ன என்பதை 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதி ஆவணம் சொல்கிறது. ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை எண்கள், அப்புறம் சிறு கோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகிய நான்கு குறிகள். இவை மட்டுமே எங்கே போட்டாலும் பிரச்சினை இல்லாதவை. ? # & = + / : போன்றவற்றுக்கு லிங்கில் சொந்த வேலை இருக்கிறது. அவற்றை வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டுமென்றாலும், மேலே சொன்ன பட்டியலில் இல்லாத வேறு எதை அனுப்ப வேண்டுமென்றாலும், பைட் பைட்டாக (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு துண்டு அது) பிரித்து ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு % போட்டு இரண்டு இலக்கம் எழுத வேண்டும். வெற்றிடம் %20, # என்றால் %23, & என்றால் %26, % என்பதற்கே %25. கூட்டல்குறி %2பி, சாய்கோடு %2எஃப். இந்த இலக்கங்களில் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகள் வரும். இங்கே அவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போடுங்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் %20, %23, %25, %2பி நான்கையும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் பாதிக் கோளாறுகளைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

தமிழ் எழுத்து இதில் எப்படிப் போகிறது? எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடத்தில் உள்ள ஒவ்வொரு குறியும், அந்த எண்ணைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். த என்ற எழுத்து 224, 174, 164 என்ற மூன்று பைட். லிங்கில் அது %ஈ0%ஏஈ%ஏ4 என்று ஒன்பது எழுத்தாக நீளும். இதில் கவனிக்க வேண்டியது, நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வேறு வேறு. மி என்பது ம, அதோடு ஒரு கொக்கி, ஆக இரண்டு குறி. புள்ளி வைத்த ழ் என்பதும் இரண்டு. எனவே "தமிழ்" என்ற சொல் ஐந்து குறி, பதினைந்து பைட், லிங்கில் 45 எழுத்து. விக்கிப்பீடியாவில் சிங்கப்பூர் பக்கத்தைத் திறந்து முகவரியைக் காப்பி செய்து ஒரு நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அந்த ஒரு சொல் மட்டும் 99 எழுத்துக்கு நீண்டு கிடக்கும். மேலே முகவரிப் பட்டையில் அழகான தமிழாகத் தெரிவது பிரௌசர் நமக்காகச் செய்யும் ஒப்பனை, கம்பியில் போவது இந்த நீளமான வடிவம்தான்.

எந்தக் கருவியை எடுப்பது

கோட் எழுதாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் எக்செல் ஆட்கள்தான். கூகல் ஷீட்ஸில் என்கோட்யூஆர்எல் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் போன், அடுத்ததில் வீட்டு எண் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் இந்தச் சூத்திரத்துக்குள் போட்டு, பிறகு & குறியால் ஒட்டிக்கொண்டே போனால் ஆளுக்கொரு லிங்க் தயார். கூகல் ஃபார்மில் "முன்பே நிரப்பிய லிங்க்" எடுக்கும் வசதி இருக்கிறது அல்லவா, அதில் மாதிரிக்கு ஒரு லிங்க் எடுத்து, எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பார்த்து, அந்த எண்களுக்கு நேராக உங்கள் மதிப்புகளை ஒட்டுங்கள். எக்செலிலும் அதே பெயரில் சூத்திரம் உண்டு, விண்டோஸில் 2013 பதிப்பிலிருந்து. மேக்கில் வேலை செய்யாது, அதனால் குழுவில் ஒருவர் மேக் வைத்திருந்தால் ஷீட்ஸே நிம்மதி.

வாட்ஸ்அப்பில் நேராக அரட்டையைத் திறக்கும் லிங்க் செய்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே எண்ணுக்குக் கூட்டல்குறியே வேண்டாம். 65இல் தொடங்கி, இடையில் வெற்றிடமோ கோடோ இல்லாமல் எழுத வேண்டும். அதற்குப் பின்னால் வரும் செய்தியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். தமிழில் நீளமாக எழுதினால் லிங்க் பயங்கரமாக நீளும், ஆனால் தட்டினால் திறக்கும்.

இனி கோட் எழுதுபவர்களுக்கு. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு பெயர்கள் குழப்பும். என்கோட்யூஆர்ஐ என்பது முழு லிங்குக்கானது; அது # & = + / எதையும் தொடாது. அதாவது நம் பிரச்சினை எதையும் தீர்க்காது. உங்களுக்கு வேண்டியது என்கோட்யூஆர்ஐகாம்போனென்ட். மதிப்புக்கு எப்போதும் இதுதான். இன்னும் பழைய எஸ்கேப் என்ற ஃபங்ஷனைப் பழைய கோடில் பார்த்தால் தயங்காமல் தூக்கிவிடுங்கள், தமிழுக்கு அது கொடுக்கும் வடிவத்தை சர்வர்கள் ஏற்காது. இவற்றையெல்லாம் கையால் ஒட்டுவதை விட யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் என்ற பொருளை உருவாக்கி அதில் பெயரும் மதிப்பும் கொடுத்துவிடுவது மேல்; &, = போடுவது, மாற்றி எழுதுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பைத்தானில் குவோட் என்ற ஃபங்ஷன் சாய்கோட்டை மட்டும் அப்படியே விட்டுவிடும், அது அதன் இயல்பு. மதிப்பை மாற்றும்போது சேஃப் என்ற இடத்தில் காலி மேற்கோள் கொடுத்தால்தான் சாய்கோடும் மாறும். அகராதியாக வைத்திருந்தால் யூஆர்எல்என்கோட் போதும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் பயன்படுத்தினால் பாராம்ஸ் என்று கொடுக்கும் எல்லாவற்றையும் அதுவே மாற்றும். நீங்கள் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்தால் இரண்டு முறை மாறிவிடும். பிஹெச்பியில் ஹெச்டிடிபி_பில்ட்_குவெரி இருக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம்.

கூட்டலா, %20ஆ

வெற்றிடத்தைச் சில கருவிகள் + என்று எழுதும், சில %20 என்று எழுதும். கூட்டல்குறி பழைய படிவங்களின் மரபு, கேள்விக்குறிக்குப் பின்னால் மட்டுமே செல்லுபடியாகும். கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பாதையில் கூட்டல்குறி கூட்டல்குறியேதான். மின்னஞ்சல் திறக்கும் லிங்கிலும் அப்படித்தான், தலைப்பில் "பொங்கல்+விழா+அழைப்பு" என்று வந்து நிற்கும். அனுப்பும் பக்கம் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் கூட்டல்குறி போட்டு அனுப்ப, வாங்கும் பக்கம் டிகோட்யூஆர்ஐகாம்போனென்ட் கூட்டல்குறியைத் தொடாமல் விட, திரையில் "கலா+மணி" என்று பெயர் தெரிவதும் இதனால்தான். என் கட்சி %20 கட்சி. அதை எல்லா இடமும் புரிந்துகொள்ளும். உண்மையான கூட்டல்குறியை எந்த இடமானாலும் %2பி என்று எழுதிவிட்டால் +65 பிழைத்துக்கொள்ளும்.

%25 கண்ணில் பட்டால்

இருமுறை மாற்றுவது மிகப் பொதுவான கோளாறு, கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு முறை மாற்றினால் வெற்றிடம் %20. அதையே இன்னொரு முறை மாற்றினால் அதிலுள்ள % என்ற குறி %25 ஆகி, மொத்தம் %2520 என்று நிற்கும். தமிழாக இருந்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 25 முளைத்திருக்கும். இப்படிப் பார்த்தால் வாங்கும் பக்கத்தில் % வடிவத்தை இரண்டு முறை பழையபடி எழுத்தாகத் திருப்பிச் சமாளிக்க ஆசை வரும். வேண்டாம். இரண்டு இடத்தில் மாற்றுகிறீர்கள் என்று அர்த்தம், அதில் ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் நீங்கள் மாற்றிக் கொடுத்ததை நூலகம் மறுபடி மாற்றியிருக்கும்.

வாங்கும் பக்கமும் இதே கதைதான். பிஹெச்பியின் கெட் அரே, ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் எல்லாம் மதிப்பைப் பழையபடி எழுத்தாகத் திருப்பித்தான் உங்களிடம் தருகின்றன. அதற்கு மேல் நீங்கள் ஒரு முறை திருப்பினால் பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. என்றைக்காவது ஒருவர் "50% தள்ளுபடி" என்றோ +65 என்றோ அனுப்பும்போதுதான் வெடிக்கும்.

எஸ்/ஓ, டி/ஓ

இங்குள்ள இந்தியர் பெயர்களில், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான எஸ்/ஓ, டி/ஓ வழியாக அதிகாரபூர்வமாகவே சாய்கோடு இருக்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் வந்தால் சாய்கோடு யாரையும் கடிக்காது. பாதையில் வந்தால்தான் வம்பு: …/உறுப்பினர்/பெயர் என்ற வடிவத்தில் ஒருவர் பெயரைப் போட்டால் எஸ்ஸோடு ஒரு படி முடிந்து ஓவில் அடுத்த படி தொடங்கிவிடும். %2எஃப் என்று மாற்றி அனுப்பலாமே என்பீர்கள். அப்பாச்சி சர்வர் தன் இயல்பு அமைப்பில் பாதையில் %2எஃப் பார்த்தால் 404 (பக்கம் இல்லை) என்று திருப்பி அனுப்பிவிடும், இடையில் நிற்கும் வேறு சில சர்வர்கள் அதைத் தாங்களே சாய்கோடாக மாற்றி உள்ளே அனுப்பும். அமைப்பை மாற்றிப் போராடுவதற்குப் பதில், பெயரைப் பாதையில் போடாதீர்கள். உறுப்பினர் எண்ணைப் போடுங்கள், பெயர் கேள்விக்குறிக்குப் பின்னால் போகட்டும்.

பார்க்க ஒன்று, பைட்டில் வேறு

எல்லாம் சரியாக மாற்றி, சரியாகத் திருப்பி, அப்படியும் தேடல் "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லும். தமிழில் இது கொஞ்சம் அதிகம். பொங்கல் என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுங்கள். ப, அதோடு ஒகரக் குறி ஒரே குறியாக வரலாம். ப, ஒற்றைக் கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்று. லிங்கில் ஒன்று 18 எழுத்து, மற்றது 27. இதற்கு மருந்து உண்டு: யூனிகோட் சொல்லும் என்எஃப்சி என்ற சீராக்கம். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பைத்தானில் யூனிகோட்டேட்டா. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் இதைச் செய்துவிட்டால் ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் ஒன்றுபடும். லிங்குக்காக மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும், பிறகு செய்து பயனில்லை.

ஆனால் என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. ஸ்ரீ என்பதை ஸ் போட்டும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதுகிறார்கள். எந்தக் கீபோர்டு எதைத் தருகிறது என்பது அவரவர் கைப்பேசியைப் பொறுத்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள், வீரமாகாளியம்மன் என்று இங்கே பல கோயில்களின் பெயரே ஸ்ரீயில் தொடங்குவதால், கோயில் பெயரை லிங்கில் வைத்துத் தேடும் எந்தப் பக்கமும் இதில் சிக்கும். யூனிகோட் இவை இரண்டையும் வேறு வேறு என்றே வைத்திருக்கிறது, அதனால் உங்கள் கோடில் ஒரு வரி எழுதி ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஔவையை ஒ, ள என்று தட்டுபவர்களுக்கும் அதே வைத்தியம்.

வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ காப்பி செய்த பெயரில் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். முகவரியில் %ஈ2%80%8 என்று தொடங்கும் ஒரு துண்டு தமிழுக்கு நடுவே இருந்தால் அதுதான் ஆள். தமிழ் எழுத்து எப்போதும் %ஈ0 என்றுதான் தொடங்கும், அதனால் ஈ2 தனியாகத் தெரியும்.

தமிழ் சிதைந்து வந்தால்

சிதைவைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து ® குறி, அடுத்து ஏதோ ஒன்று, மறுபடி ஏ, மறுபடி ® என்று மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ பழைய மேற்கத்திய எழுத்துமுறையாகப் படித்திருக்கிறார்கள். 224ஐயும் 174ஐயும் அந்த முறையில் படித்தால் வருவது அவைதான். டாம்கேட் என்ற சர்வரின் பழைய பதிப்புகளில் இது வழக்கமாக வரும். 8ஆம் பதிப்பிலிருந்து இயல்பே யூடிஎஃப்-8. தரவுத்தளத்தில் &#2980; போல எண்கள் வந்து உட்கார்ந்திருந்தால் கதை வேறு. படிவம் இருந்த பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கப்படவில்லை, எனவே பிரௌசர் அந்தப் பக்கத்தின் எழுத்துமுறையில் தமிழைக் காணாமல் எண்ணாக எழுதி அனுப்பியிருக்கிறது. 2980 என்பது த. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துமுறை அறிவிப்பை முதல் வரியாகப் போட்டால் தீர்ந்தது.

லிங்கின் வால் அறுந்தாலும் சிதையும். ஓர் எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் வந்து சேர்ந்தால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும், பைத்தான் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்டுக் கொடுக்கும். வேர்ட்பிரஸ் இதில் கொஞ்சம் நாசூக்கு. தமிழ்த் தலைப்பிலிருந்து அது செய்யும் பக்கப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம், குறிக்கு ஒன்பது என்று வகுத்தால் 22 குறி. "சிங்கப்பூர்" மட்டுமே பதினொன்று எடுத்துவிடும் என்றால் மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீளமான தமிழ்த் தலைப்புகளுக்கு, பக்கப் பெயரை மட்டும் சிறியதாகக் கையால் எழுதிவிடுங்கள். க்யூஆர் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் நான் தமிழையே அதில் வைக்க மாட்டேன். எழுத்து கூடக்கூடக் கட்டங்கள் நுணுகிப்போகும், சமூக மன்ற வாசலில் தொங்கும் பதாகையை நாலடி தள்ளி நின்று ஸ்கேன் செய்ய வராது. குட்டி லிங்க் ஒன்றை வைத்து, சர்வரில் அதிலிருந்து நீளமான லிங்குக்குத் திருப்பிவிடுவது போதும்.

இந்த % வடிவத்தைப் பார்த்து யாருக்கும் புரியாது என்று நினைத்து அடையாள அட்டை எண்ணை லிங்கில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் மறைவு எதுவும் கிடையாது, யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். லிங்க் சர்வர் பதிவேட்டிலும் பிரௌசர் வரலாற்றிலும் அப்படியே தங்கும். சட்டம் கேட்காத இடத்தில் அந்த எண்ணை வாங்குவதையே 1 செப்டம்பர் 2019 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் கட்டுப்படுத்துகின்றன, எனவே லிங்கில் அது வர எந்த நியாயமும் இல்லை.

டொமைன் பெயர் தனி

இதுவரை சொன்னதெல்லாம் டொமைனுக்கு, அதாவது முகவரியின் தொடக்கத்தில் வரும் தளப் பெயருக்கு, பின்னால் வருவதற்கு. டொமைனுக்கு இந்த % வடிவத்தைப் பயன்படுத்துவதில்லை. நமக்கென்று .சிங்கப்பூர் என்ற தமிழ் முடிவு 2011இலிருந்து இருக்கிறது. பிறமொழி டொமைன் பெயர்களைச் செயலுக்குக் கொண்டுவந்த தொடக்ககால வேலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கும் முன்பே அவரும் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் 1990களின் நடுவில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள். டொமைன் தமிழில் இருந்தால் பியூனிகோட் என்ற வேறொரு முறையில் அது ஆங்கில எழுத்துகளாக மாறும், எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரட்டைச் சிறு கோடும் முன்னால் வரும். சில மென்பொருள்கள் தமிழில் காட்டாமல் அந்த வடிவத்தையே காட்டும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அதே முகவரிதான். உங்கள் கோடில் இதற்குத் தனியாக எதுவும் எழுதாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் பொருளை உருவாக்கித் தமிழ் முகவரியைக் கொடுத்தால் டொமைனைப் பியூனிகோடாகவும், பாதையை % வடிவமாகவும் அதுவே பிரித்து மாற்றித் தரும். மதிப்புகளை மட்டும் அந்தப் பொருளிலுள்ள சர்ச்பாராம்ஸ் வழியாகச் சேருங்கள்.